முதுகில் யார் பெயர்?

2013 கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் துறைமுக நகரமான சவுத்தாம்ப்டனில், அந்த ஊர்க் கால்பந்து கிளப்பின் கடை. எட்டு வயது மகனுக்காக எடுத்த சிவப்புச் சட்டையோடு கவுன்ட்டரில் நின்றார் அந்த பஸ் டிரைவர்.

"முதுகுல யார் பேர் போடணும்?" என்று கேட்டார் கடைப்பெண்.

"லல்லானா" என்றார் யோசிக்காமல். ஆடம் லல்லானா அப்போது அணியின் கேப்டன். 12 வயதில் கிளப்பின் பயிற்சிப் பள்ளிக்கு வந்து, அங்கேயே வளர்ந்தவர். அவர் எங்கே போகப்போகிறார்?

ஏழு மாதம்கூட ஆகவில்லை. 2014 ஜூலையில் 2.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூல் அவரை வாங்கிக்கொண்டது.

அடுத்த சட்டையில் ஷ்னைடர்லின். 2015-ல் அவர் மான்செஸ்டர் யுனைடெட் போனார். அதற்கடுத்த சட்டையில் சாடியோ மானே. 2016-ல் அவரும் லிவர்பூல். பிறகு வான் டைக். 2018 ஜனவரியில் லிவர்பூலேதான். பிள்ளைகளின் சட்டை சாதாரணமாக ஒரு வருடத்தில் சின்னதாகிவிடும். அந்த வீட்டிலோ, சட்டை சின்னதாகும் முன்பே பெயர் பழசாகிக்கொண்டிருந்தது.

"அடுத்த தடவை பேர் போடாம வாங்குங்களேன். அச்சடிக்கிற காசாவது மிச்சம்" என்றார் மனைவி. பழைய சட்டைகளையெல்லாம் மடித்து, படிக்கட்டுக்குக் கீழே ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தவர் அவர்தான்.

சவுத்தாம்ப்டன் பெரிய கிளப் இல்லை. ரொம்பச் சின்னதும் இல்லை. 1885-ல் ஒரு தேவாலயத்து இளைஞர்கள் தொடங்கிய குழு அது. அதனால் இன்றும் செல்லப்பெயர் 'செயின்ட்ஸ்', அதாவது புனிதர்கள். செயின்ட் மேரிஸ் மைதானத்தில் 32,000 பேர் உட்காரலாம். பெரிய கோப்பை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். 1976 மே 1-ம் தேதி, இரண்டாம் டிவிஷனில் இருந்துகொண்டே, எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று தோற்கடித்தார்கள். 83-வது நிமிடத்தில் பாபி ஸ்டோக்ஸ் போட்ட கோல். அன்று டிரைவருக்குப் பத்து வயது. துறைமுகத்தில் வேலை பார்த்த அவருடைய அப்பா வெம்ப்ளிக்குப் போய்த் திரும்பி வந்து, மூன்று நாள் தொண்டை கட்டிக்கொண்டு பேச்சே வராமல் இருந்தார்.

அந்த அப்பாவுக்கு ஒரு வழக்கமான பேச்சு உண்டு. யாராவது நல்ல ஆட்டக்காரர் கிளப்பை விட்டுப் போனால், "இது துறைமுகம்டா. இங்கே வர்ற எல்லாமே கிளம்பிப் போறதுக்குத்தான் வருது" என்பார். 1912-ல் டைட்டானிக் கப்பல் கிளம்பியதும் இந்த ஊரிலிருந்துதான். அதில் வேலைக்குப் போன இந்த ஊர்க்காரர்கள் நூற்றுக்கணக்கில் திரும்பவில்லை. வழியனுப்பிப் பழகிய ஊர் அது.

ஆனால் சொல்வது சுலபம். 1992-ல் ஆலன் ஷியரரை பிளாக்பர்னுக்கு விற்றபோது டிரைவருக்கு 26 வயது. ஷியரர் முதன்முதலாக ஆரம்பத்திலிருந்தே களமிறங்கிய ஆட்டத்திலேயே, 17 வயதில், ஆர்சனலுக்கு எதிராக மூன்று கோல் போட்டதை நேரில் பார்த்தவர் அவர். "இனிமே நான் வரமாட்டேன். வளர்த்து வளர்த்து ஊருக்குக் கொடுக்கிறதுக்கு நான் எதுக்குக் காசு கட்டணும்?" என்று அப்பாவிடம் கத்தினார். அப்பா பதில் சொல்லவில்லை. வழக்கம்போல இரண்டு டிக்கெட் வாங்கி, ஒன்றை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். மகன் ஒரு மாதம் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு, பின்னாலேயே போனார்.

அவரை அப்படிக் கட்டிப்போட்டது மேட் லெ டிஸியே. பெரிய கிளப்புகள் கூப்பிட்டும் போகாமல், தன் தொழில்முறை ஆட்டக் காலம் முழுவதையும் சவுத்தாம்ப்டனிலேயே கழித்தவர். 2001 மே மாதம் 'தி டெல்' என்கிற பழைய மைதானத்தில் நடந்த கடைசி லீக் ஆட்டத்தில், ஆர்சனலுக்கு எதிராக வெற்றி கோலைப் போட்டவரும் அவர்தான். இப்படி ஒருவர் தங்கிவிட்டதால், தங்குவதுதான் இயல்பு, போவது துரோகம் என்று டிரைவர் மனதில் பதிந்துவிட்டது. உண்மை நேர்மாறானது. தங்குகிறவர்தான் அபூர்வம்.

நல்ல ஆட்டக்காரர்களை ஏன்தான் விற்கிறார்கள்? கணக்கு எளிது. ஐரோப்பியக் கோப்பைகளில் ஆடும் பெரிய கிளப்புகளுக்கு வருமானம் பல மடங்கு. அவர்கள் தருகிற சம்பளத்தை நடுத்தர கிளப் தர முடியாது. ஆட்டக்காரருக்கு ஒப்பந்தம் முடிந்துவிட்டால், ஒரு பைசா கொடுக்காமலே வேறு கிளப் அவரை எடுத்துக்கொள்ளலாம். அதனால் ஒப்பந்தத்தில் சில வருடம் மிச்சம் இருக்கும்போதே நல்ல விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் யாருக்கும் தெரியாத இரண்டு பேரை வாங்கி, பழக்கி, ஆளாக்குவார்கள். ஆளானதும் அவர்களையும் விற்பார்கள். வான் டைக்கை 2015-ல் ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்பிடமிருந்து சுமார் 1.3 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். விற்றது 7.5 கோடிக்கு. ஒரு தடுப்பாட்டக்காரருக்கு அன்றுவரை உலகில் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

விற்காமல் வீறாப்பாக இருக்கலாமே என்றால், கிளப்பே இல்லாமல் போகும் நிலைமையையும் அந்த ஊர் பார்த்திருக்கிறது. 27 வருடம் முதல் டிவிஷனில் இருந்த அணி 2005-ல் கீழே இறங்கியது. 16 வயது தியோ வால்காட்டை 2006-ல் ஆர்சனலுக்கும், 17 வயது கேரத் பேலை 2007-ல் டாட்டன்ஹாமுக்கும் கொடுத்தார்கள். அப்படியும் தாங்கவில்லை. 2009-ல் கடன் கழுத்தை நெரித்து, மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கி, பத்துப் புள்ளி தண்டனையோடு, அதாவது மைனஸ் பத்தில் சீசனைத் தொடங்கினார்கள். மார்கஸ் லீப்ஹெர் என்ற தொழிலதிபர் வாங்கியதால் கிளப் பிழைத்தது.

அந்த வருடம் சுமார் பத்து லட்சம் பவுண்டுக்கு வந்தவர் ரிக்கி லாம்பர்ட். ஒரு காலத்தில் கிளப் கிடைக்காமல், பீட்ரூட் பதப்படுத்தும் ஆலையில் கூலி வேலை பார்த்தவர். அவர் போட்ட கோல்களில் ஏறித்தான் அணி மூன்றே வருடத்தில் மறுபடி மேலே வந்தது. 2014-ல் அவரையும் லிவர்பூல் கேட்டது. அது அவர் பிறந்து வளர்ந்த பகுதியின் அணி. சிறுவயதில் 'நீ தேறமாட்டாய்' என்று அவரை அனுப்பிவிட்ட அதே கிளப். 32 வயதில் அங்கிருந்தே அழைப்பு. லாம்பர்ட் கிளம்பியபோது டிரைவருக்குக் கோபமே வரவில்லை. பஸ் ஓட்டிக்கொண்டிருந்தபோது கண் கலங்கியது என்று மனைவியிடம் ஒப்புக்கொண்டார்.

அதே கோடையில் பயிற்சியாளர் பொச்செட்டினோ, லல்லானா, லாம்பர்ட், லூக் ஷா, லோவ்ரென், சேம்பர்ஸ் என்று வரிசையாகக் கிளம்பினார்கள். புதிதாக வந்த பயிற்சியாளர் ரொனால்ட் கூமன், ஆளே இல்லாத பயிற்சி மைதானத்தைப் படம் எடுத்துப் பயிற்சிக்குத் தயார் என்று கேலியாக வெளியிட்டார். ஊரே சிரித்தது. ஆனால் அந்த சீசனில் அணி ஏழாவது இடம் பிடித்தது. 2015 மே 16-ம் தேதி, ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக மானே 2 நிமிடம் 56 நொடியில் மூன்று கோல் போட்டார். பிரீமியர் லீக்கில் அதைவிட வேகமாக யாரும் போட்டதில்லை. முதல் கோலுக்கு எழுந்த மகன், மூன்றாவது கோல் வரை உட்காரவே இல்லை. அவனுக்கு அப்போது பத்து வயது. அடுத்தடுத்த இரண்டு சீட்டில் அப்பாவும் மகனும். அந்த வருடம் அந்த வீட்டில் அதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் இல்லை.

விரிசல் விழுந்தது 2018 பிப்ரவரி 11-ல்.

விற்று ஆறு வாரம்கூட ஆகாத வான் டைக், லிவர்பூல் சட்டையில் செயின்ட் மேரிஸுக்கு வந்தார். அவர் காலில் பந்து பட்டபோதெல்லாம் மைதானம் ஊளையிட்டது. டிரைவரும் எழுந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். வீட்டில் உரத்துப் பேசாத மனிதர் அவர். பயணிகள் சண்டைக்கு வந்தால்கூடப் பொறுமையாகப் பேசுகிறவர். சவுத்தாம்ப்டன் 0-2 என்று தோற்றது.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது மகன் கேட்டான்.

"அப்பா, நீங்க ஏன் அப்படிக் கத்தினீங்க?"

"விட்டுட்டுப் போனவனைக் கொஞ்சுவாங்களா?"

மகன் ஒன்றும் சொல்லாமல் மேல்கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கோட்டுக்குள்ளே அவன் போட்டிருந்தது வான் டைக் பெயர் அச்சிட்ட சட்டை. இவரே வாங்கிக் கொடுத்தது.

அந்த வருடம் மே 26-ல் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். ரியல் மாட்ரிட்டும் லிவர்பூலும். இரண்டு பேரும் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்தார்கள். லிவர்பூல் பக்கம் மானே, வான் டைக், லோவ்ரென். அரைமணி நேரத்தில் உள்ளே வந்த லல்லானா. ரியல் மாட்ரிட் பக்கம் மாற்று ஆட்டக்காரராக வந்த கேரத் பேல். அன்று விழுந்த நான்கு கோலில் இரண்டு பேலுடையது, ஒன்று மானேயுடையது. ஐரோப்பாவின் மிகப் பெரிய ஆட்டத்தில் நாலில் மூன்று கோல் சவுத்தாம்ப்டன் வழியாகப் போனவர்கள் போட்டது! அதே சீசனில் சவுத்தாம்ப்டனோ 17-வது இடத்தில் முடித்து, மயிரிழையில் லீக்கில் தப்பியிருந்தது.

"எல்லாரும் நம்மகிட்டயே இருந்திருந்தா?" என்றார் டிரைவர். போனவர்களை வைத்து மனதுக்குள் ஓர் அணி கட்டிப்பார்ப்பது அந்த ஊர் ரசிகர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி.

மகன் டி.வி.யிலிருந்து கண் எடுக்காமல் சொன்னான். "அப்பா, அடுத்த சீசன்ல இருந்து நான் லிவர்பூல் பக்கம். நமக்குப் பிடிச்சவங்க எல்லாம் அங்கதானே இருக்காங்க."

13 வயதுப் பையனின் கணக்கில் தப்பு சொல்ல முடியாது. லல்லானா, லாம்பர்ட், லோவ்ரென், கிளைன், மானே, வான் டைக் என நான்கு வருடத்தில் ஆறு பேர் இங்கிருந்து அங்கே போயிருந்தார்கள். "சரி" என்று மட்டும் சொன்னார். அந்த வருடம் மகனுடைய சீட்டுக்கும் சேர்த்தே பணம் கட்டினார், தன் அப்பா டிக்கெட்டை மேசை மேல் வைத்தது மாதிரி. மகன் வரவில்லை. அதற்கடுத்த வருடம் அந்த சீட்டை விட்டுவிட்டார். யாரோ ஒரு பெரியவர் அதில் வந்து உட்கார்ந்தார்.

2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை இரவு. நல்ல மழை. லெஸ்டருக்கு எதிராக இடைவேளையிலேயே 0-5. பக்கத்து சீட் பெரியவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். டிரைவர் கடைசி விசில் வரை இருந்தார். 0-9. சொந்த மண்ணில் அப்படி ஒரு தோல்வி. நனைந்து வீடு திரும்பியபோது மகன் தூங்காமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். லிவர்பூல் சட்டைதான் போட்டிருந்தான். ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. சூப்பைச் சூடாக்கி முன்னால் வைத்துவிட்டு, துண்டை எடுத்துக் கொடுத்தான்.

"எத்தனைன்னு பார்த்தியா?"

"பார்த்தேன். சாப்பிடுங்க."

மூன்று மாதம்கூட ஆகாமல், 2020 ஜனவரியில் அதே லெஸ்டரை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று சவுத்தாம்ப்டன் ஜெயித்தது. வெற்றி கோல் டேனி இங்ஸ். சிறுவனாக இருந்தபோது சவுத்தாம்ப்டன் பள்ளி வேண்டாம் என்று அனுப்பியவர். லிவர்பூலிலிருந்து இங்கே வந்தவர்! ஒருவராவது எதிர்த்திசையில் வந்தாரே என்று டிரைவருக்கு அப்படி ஒரு திருப்தி. 2021-ல் அவரும் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார்.

அந்தச் சமயத்தில் டிரைவர் தனக்கென்று ஒரு சட்டை வாங்கினார். முதுகில் வார்டு-பிரௌஸ். எட்டு வயதிலிருந்து இதே கிளப்பில் இருப்பவர், கேப்டன். "இவன் பேர்தான் பாதுகாப்பு" என்றார் மனைவியிடம். 2023-ல் அணி கடைசி இடத்தில் முடித்து மறுபடி கீழே இறங்கியது. ஆகஸ்டில் வார்டு-பிரௌஸ் வெஸ்ட் ஹாம் போனார். மனைவி படிக்கட்டுக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்தார்.

அதே கோடையில்தான் மகனுக்கும் 18 வயது முடிந்து, கல்லூரி. சவுத்தாம்ப்டனிலேயே பல்கலைக்கழகம் இருக்கிறது. அவன் பிரிஸ்டலில் சேர்ந்திருந்தான். விண்ணப்பம் போட்டதை வீட்டில் சொல்லவே இல்லை. இடம் கிடைத்த பிறகு அம்மாவிடம் சொல்லி, அம்மா மூலமாகத்தான் அப்பாவுக்குத் தெரிந்தது.

பெட்டி படுக்கையோடு காரில் கொண்டுபோய் விடும்போது அவர் கேட்டார். "எங்கிட்ட நேரா சொல்றதுக்கு என்ன?"

வெகுநேரம் கழித்து மகன் சொன்னான். "வான் டைக் வந்த அன்னைக்கு நீங்க கத்தினது ஞாபகம் இருக்கா? போறவங்ககிட்ட நீங்க எப்படி நடந்துக்குவீங்கன்னு அன்னைக்குப் பார்த்தேன். நானும் ஒருநாள் போவேனேன்னு அப்பவே தோணுச்சு."

அவருக்குப் பதில் வரவில்லை. அவரே முப்பது வயதில் படகுக் கம்பெனி வேலையை விட்டு, நல்ல சம்பளம் என்று பஸ் கம்பெனிக்கு வந்தவர்தான். கிளம்பிய அன்று கூட வேலை பார்த்தவர்கள் கேக் வெட்டி, கை குலுக்கி அனுப்பினார்கள். ஒருவரும் ஊளையிடவில்லை. ஓர் ஆட்டக்காரர் உழைத்துச் சம்பாதிப்பது பத்து, பதினைந்து வருடம். அதற்குள் ஒரு பெரிய இடம் கூப்பிட்டால் போகாமல் என்ன செய்வார்? இதெல்லாம் அவருக்குத் தெரியாததில்லை. ஆனால் பிடித்தமானவர் போகும்போது, இங்கே இருக்கும் நாம் போதவில்லையோ என்று ஒரு வலி வருகிறதே, அதைத்தான் அன்று கோபமாக்கிக் கத்தியிருக்கிறார். அதைக் கேட்டது வான் டைக் அல்ல. பக்கத்து சீட்டில் இருந்த பையன்.

"தப்புதான்டா" என்றார் கடைசியில். பிரிஸ்டல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்.

2024 மே மாதம், மேலே ஏறுவதற்கான இறுதி ஆட்டம் வெம்ப்ளியில். லீட்ஸுக்கு எதிராக. இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தது மகன். ஆடம் ஆம்ஸ்ட்ராங்கின் ஒரே கோலில் சவுத்தாம்ப்டன் ஜெயித்தது. "நீ லிவர்பூல் ஆளாச்சே?" என்றார் அப்பா. "இன்னைக்கு லீவு" என்றான் மகன்.

இதைப் படித்துவிட்டு, அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 2024-25 சீசன் அந்த கிளப்பின் வரலாற்றிலேயே மிக மோசமான சீசன்களில் ஒன்று. ஏழு ஆட்டம் மிச்சமிருக்கும்போதே கீழே இறங்குவது உறுதியானது. பிரீமியர் லீக்கில் அவ்வளவு சீக்கிரம் யாரும் இறங்கியதில்லை. 2007-08-ல் டெர்பி அணி 11 புள்ளி எடுத்ததுதான் மிகக் குறைந்த புள்ளிச் சாதனை. சவுத்தாம்ப்டனும் 11-ல் வந்து நின்றது.

2025 மே 10. வந்தது மான்செஸ்டர் சிட்டி. மகன் பிரிஸ்டலிலிருந்து வந்திருந்தான். பக்கத்து சீட் பெரியவர் அன்று வரவில்லை என்று, தன் இடத்தை அவனுக்குக் கொடுத்திருந்தார். 90 நிமிடமும் சவுத்தாம்ப்டன் கோல் முன்னாலேயே ஆட்டம் நடந்தது. ஆனாலும் கோல் விழவில்லை. 0-0. பன்னிரண்டாவது புள்ளி. ஏற்கெனவே இறங்கிவிட்ட அணியின் ரசிகர்கள் கோப்பை ஜெயித்தது போலக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வெளியூர்க்காரர் யாராவது பார்த்தால் இவர்களுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்திருப்பார். டிரைவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகன் அவர் தோளைப் பிடித்தபடி நின்றான்.

ஆகஸ்டில், கிளப் வளர்த்த 19 வயது டைலர் டிப்ளிங்கை எவர்டன் வாங்கியது. அன்று இரவு மகனிடமிருந்து போன்.

"டிப்ளிங் போயிட்டான், பார்த்தீங்களா?"

"பார்த்தேன். நல்லா ஆடுவான். எங்க போனாலும் நல்லா ஆடுவான்."

"உங்க பிறந்தநாளுக்குப் புதுச் சட்டை வாங்கலாம்னு இருக்கேன். முதுகுல யார் பேர் போடட்டும்?"

"இப்ப இருக்கிறதுல யாரு ரொம்ப நல்லா ஆடுறானோ, அவன் பேரைப் போடு."

"அவன் அடுத்த வருஷம் போயிடுவானேப்பா!"

"போவான்" என்றார் அவர். "இருக்கிறவரைக்கும் போட்டுக்கலாம். நீ எப்ப வர்றே?"